திறப்பு சரி, கதவுதான் பிழை

பிள்ளைகளே, போன வருடம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலடியில் நடந்ததை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நீங்கள் சிரித்துவிடுவீர்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்று மேசன் வேலைக்குப் போனவன். உங்கள் அம்மா அப்படியில்லை. கலியாணத்துக்கு முதலே கட்டட வரைபடம் கீறப் படித்தவர். நீங்கள் பிறந்த பிறகு அந்தப் படிப்பு பெட்டிக்குள் இருக்கும் கூறைச்சேலை மாதிரி மடித்தபடியே கிடந்தது. பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு கொம்பனி, வீட்டில் இருந்தே படம் கீறித் தரலாம், முதலில் ஒரு மாடி வீட்டைக் கீறிக் காட்டுங்கள் என்று சொன்னது. தங்கள் மென்பொருளையும் ஜேர்மனியில் இருக்கிற மாமா அனுப்பிய பழைய லப்டொப்பில் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். உங்களைப் படுக்கப் போட்டுவிட்டு அம்மா கீறிக்கொண்டிருப்பார். படியைக் கீறி, பிடிக்காமல் அழித்து, திரும்பவும் கீறுவார்.

எல்லாம் முடிந்த வேளையில், வியாழன் பின்னேரம், கொம்பனியில் இருந்து போன் வந்தது. நாளைக்கு மூன்று மணிக்குத் தாங்கள் அங்கிருந்தபடியே அம்மாவின் லப்டொப்புக்குள் வந்து வேலையைப் பார்ப்பார்களாம். அதற்கு விண்டோஸின் 'புரோ' பதிப்பு வேண்டுமாம், அதுவும் முறையான உரிமத்தோடு. அம்மாவுடையது 'ஹோம்'. போதாததற்கு மூலையில் உரிமம் இல்லை என்று மங்கலாக ஒரு வரி எப்போதும் தெரியும். நான் அதை லப்டொப் செய்தவனின் முத்திரை என்றல்லவா நினைத்திருந்தேன்! நாளைக்குச் சரிவராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

விடியவே லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். படத்தை வேறு இடத்தில் எடுத்து வைக்கலாமாம். கொம்பனி போட்ட மென்பொருள் போய்விடுமாம். அது இல்லாமல் படம் திறக்காது, மூன்று மணிக்குள் அதைத் திரும்பப் போடவும் முடியாது. எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. லப்டொப்பை வாங்கிக்கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பஸ் இரைச்சலில் நான் கத்தியதை முன் சீற்றில் இருந்து பின் சீற் வரை கேட்டிருக்கும். அம்மா மெதுவாக, "அழிச்சால் பிறகு நான் எதைக் காட்டுறது?" என்றார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை.

போனை வைத்ததும் பக்கத்துச் சீற்றில் இருந்த பெண் திரும்பினார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு அருச்சனைத் தட்டும் பூமாலையும்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் கதைச்சது கேட்டுது. அதை அழிக்கக் குடுக்க வேண்டாம்."

அழிக்காமலே தான் சரிசெய்து தருவதாகச் சொன்னார். பஸ்ஸில் வைத்துச் செய்யக் கூடாது, இடையில் பற்றறி நின்றால் எல்லாமே போய்விடும், கரண்ட் உள்ள இடம் வேண்டும் என்றார். எங்கள் வீட்டு ஒழுங்கையில் அன்று கரண்ட் கம்பி மாற்றுகிறார்கள், இரண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, சந்நிதியடியில் ஒரு மடத்தில் இருந்து செய்வோமா என்று கேட்டார். நான் அம்மாவையும் அங்கே வரச் சொன்னேன்.

மடத்தில் அன்னதானத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. கேட்டதும், சுவரோரமாக பிளக் இருந்த இடத்தைக் காட்டிவிட்டார்கள். பாயில் இருந்தபடி லப்டொப்பைக் கவிழ்த்துப் பார்த்த அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடியில் உரிம இலக்கம் எழுதிய ஒட்டுத்தாள் இருக்கிறதல்லவா, அதில் பாதி எழுத்துக்கு மேல் காணவில்லை. மிச்சம் மஞ்சளாக இருந்தது.

"ஆர் அண்ணை இதுக்குச் சந்தனம் பூசினது?"

நான் உள்ளதைச் சொன்னேன். வாணி விழாவுக்கு உங்கள் புத்தகங்களோடு லப்டொப்பையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைக்கிற வழக்கம். மேலே பூசினால் பழுதாகும் என்று கவிழ்த்துப் பூசுவோம். விஜயதசமி அன்று ஈரத்துணியால் துடைப்போம்.

"வருசா வருசம் நல்லாத்தான் துடைச்சிருக்கிறியள். பிள்ளையளின்ரை புத்தகத்துக்கும் அடியிலைதானோ பூசுறனீங்கள்?" என்று சிரித்தார்.

இனி அந்த எழுத்துக்கு எங்கே போவது? அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. திரையில் கறுப்பாக ஒரு சாளரத்தைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தார். அடுத்த கணம் ஒரு நீள எழுத்துத் தொடர் தானாகவே வந்து நின்றது.

"உது ஒட்டினது பிறகு. இது பிறக்கேக்கையே உள்ளுக்கை எழுதி விட்டது. ஹார்ட் டிஸ்க்கை அழிச்சாலும் இது அழியாது."

பிள்ளைகளே, அத்தனை வருடம் அந்த லப்டொப் தன் பூட்டின் திறப்பைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மூலையில் உரிமம் இல்லை என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டது.

ஆனால் அந்த எழுத்தை அடித்தபோது அது ஏற்கவில்லை. இந்தப் பதிப்புக்கு இது பொருந்தாது என்றது. அவர் தலையை ஆட்டினார்.

"பயப்படாதேங்கோ. திறப்பு சரி, கதவுதான் பிழை. இது புரோவின்ரை திறப்பு. ஆரோ ஹோமைப் போட்டு விட்டிருக்கினம்."

"அப்ப புரோவை எங்கை போய் வாங்கிறது தங்கச்சி?"

"ஒண்டும் வாங்கத் தேவையில்லை. ரெண்டும் உதுக்குள்ளைதான் கிடக்கு, அண்ணை. ஒண்டு திறந்து கிடக்கு, மற்றது பூட்டிக் கிடக்கு."

இன்ரநெற்றை நிறுத்தினார். அது எனக்கு விளங்கவில்லை. எல்லாரும் இணைக்கத்தானே சொல்வார்கள்? இப்போது இணைந்திருந்தால் இடையில் உரிமத்தைச் சரிபார்க்கப் போய்க் குழப்பிவிடும் என்றார். பதிப்பை மாற்ற மட்டும் உதவுகிற ஒரு பொதுவான திறப்பு இருக்கிறதாம். உரிமம் அதில் கிடையாது, கதவை மாற்றும், அவ்வளவுதான். அதை அடித்தார். லப்டொப் அணைந்து, திரும்ப எழும்பி, வட்டமாகச் சுற்றத் தொடங்கியது.

அந்த நேரம்தான் அம்மா சைக்கிளில் வந்து இறங்கினார். வியர்த்து, மூச்சு வாங்க, என் பக்கத்தில் இருந்தார். கோயிலில் மணி கேட்டது. மத்தியானப் பூசை. மடத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். சுற்றிய வட்டம் பாதி வழியில் அப்படியே நின்றது. அம்மா என் கையைப் பிடித்தார். நான் முருகனைக் கூப்பிட்டேனா, லப்டொப்பைக் கூப்பிட்டேனா தெரியாது. அந்தப் பெண் மட்டும் ஒன்றும் தொடாமல் இருந்தார். "தொடாதேங்கோ. அது வேலை செய்யுது" என்றார்.

அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. திரை வெளிச்சமானபோது, அதில் எப்போதும் இருக்கிற உங்கள் இரண்டு பேரின் படம் அதே இடத்தில் இருந்தது. தன் போனில் இருந்து இன்ரநெற் கொடுத்து, முதலில் வந்த நீள எழுத்தை அடித்தார். இந்தமுறை ஏற்றுக்கொண்டது. மூலையில் இருந்த மங்கல் வரி மறைந்தது. அம்மா கொம்பனியின் மென்பொருளைத் திறந்தார். மாடி வீடு வந்தது. படி, விறாந்தை, கிணற்றடி, எல்லாம் அம்மா விட்ட இடத்தில் விட்டபடி.

ஓர் அறையைப் பெரிதாக்க வேண்டும் என்றால் நான் சுவரை இடிப்பேன். கல் உடையும், தூசி பறக்கும், வீட்டுக்காரர் சாமான்களைத் தூக்கி முற்றத்தில் வைப்பார். என் தொழிலில் இடிக்காமல் எதையும் மாற்ற முடியாது. இங்கே ஒரு வீடு இன்னொரு வீடாக மாறியது. ஒரு கல் அசையவில்லை, அலுமாரிக்குள் இருந்த ஒரு சட்டைகூடக் கலையவில்லை. நான் வாயைத் திறந்தபடி இருந்தேன் என்று அம்மா பிறகு சொன்னார்.

அவருக்கு என்ன கைமாறு செய்வது என்று தெரியாமல் நாங்கள் நின்றபோது, அம்மாதான் அந்த அருச்சனைத் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார், பூசைக்கோ வந்தனீங்கள் என்று. ஓமாம். கொழும்பில் வேலையாம், லீவு முடிந்து நாளைக்குப் போகிறாராம், போவதற்கு முதல் சந்நிதியில் ஒரு பூசை காண வந்தாராம். பூசை அப்போது முடிந்து நடை சாத்தியிருந்தது. அவர் வெளியில் நின்று கும்பிட்டு, மாலையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அம்மா மன்னிப்புக் கேட்டார். "நான் கும்பிட வந்த ஆள் இஞ்சைதான் நிண்டவர், அக்கா" என்றுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு எங்கள் வீட்டில், யாரும் தொடாமலே திரையில் அம்பு நகர்ந்தது. கொழும்பில் இருந்து ஒருவர் அம்மா கீறிய படியில் ஏறி மேல்மாடிக்குப் போய்ப் பார்த்தார். திங்கட்கிழமை வேலையைத் தொடங்குங்கள் என்றார். நீங்கள் பள்ளிக்கூடத்தால் வந்து, அம்மா ஏன் அழுகிறா என்று கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் சொல்லவில்லை. தனியே சந்நிதிக்குப் போய், மத்தியானப் பூசை தொடங்கியது முதல் முடியும் வரை நின்றேன். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிற கோயில் அது. பெயர் தெரியாத ஒருவருக்காகக் கும்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. திருநீற்றை வாங்கி என் பங்கை நெற்றியில் பூசினேன். அவருடைய பங்கைக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறும்போதெல்லாம், இதற்கு உரியவர் இந்தச் சனத்துக்குள் யாராகவும் இருக்கலாம் என்று எல்லா முகத்தையும் ஒருமுறை மரியாதையோடு பார்த்துவிட்டுத்தான் சீற்றில் இருக்கிறேன்.