ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன இராயப்பர்

குருநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாத ஆண்பிள்ளை கனிசியஸ். வள்ளத்தில் கால் வைத்தாலே வயிற்றைப் புரட்டும். அதனால் தகப்பன் அவனை ரேடியோ, ரீவி திருத்தப் பழக்கிவிட்டார். திருத்துவதில் குறை சொல்ல முடியாது. திருப்பிக் கொடுப்பதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

காரணம் இருந்தது. எண்பத்தாறில் ஜேர்மனியிலிருந்து அண்ணன் ஒரு சின்னக் கொம்பியூட்டர் அனுப்பியிருந்தான். ரீவியில் கொழுவினால்தான் அதற்கு உயிர் வரும். கனிசியஸிடம் ரீவி இல்லை. ஊராரின் ரீவிகள் இருந்தன. அவற்றை வைத்து வேதாகமக் கதைகளை விளையாட்டாக்கப் புறப்பட்டான். தங்கை இராசாத்தி கணக்குக் கொப்பியின் சதுரங்களில் மீன் கீறிக் கொடுப்பாள். அவன் அதை எண்களாக்கி ஏற்றி, கசெற்றில் பதிவு செய்வான். பெயர், 'இராயப்பர் விளையாட்டுக் கொம்பனி'. ஆள்பலம் இரண்டு.

விசயம் கசிந்ததும் சனம் வந்து தங்கள் தங்கள் ரீவியைத் தூக்கிக்கொண்டு போனது. மிஞ்சியது ஒன்று. அதிலும் கீழ்ப்பாதிதான் தெரியும்.

கோயில் மண்டபத்து ரீவியும் பக்கத்து அறையும் கிடைத்தால் கொம்பனி பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடவேண்டியதுதான் என்று பங்குச் சுவாமியாரிடம் போய் நின்றான்.

"ஞாயிறு பூசை முடியப் போட்டுக் காட்டு," என்றார் அவர். "சனம் ஓமெண்டால் எனக்கும் ஓம்."

ஞாயிறு மண்டபம் நிறைந்துவிட்டது. கசெற் கீச்சிட்டு ஓய, ரீவியில் நீலக் கடல், ஒரு வள்ளம், அதில் தாடியோடு வேதாகமத்து மீனவரான புனித இராயப்பர். விசையை அழுத்தினால் வலை வீசுவார். கனிசியஸ் பெருமையோடு ஒதுங்கி நின்றான்.

ஒரு பிள்ளையும் கிட்ட வரவில்லை.

முன்வாங்கிலிருந்து கருவாடு காயவைத்து விற்கும் கத்தரீனா மாமி எழும்பினாள்.

"எட தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு, மாமி."

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஆக்கள் ஆரடா கடலுக்குப் போறது? நீதான் போறேல்லை. இராயப்பரையும் ஏன் கெடுக்கிறாய்?"

மண்டபம் சிரித்துக் குலுங்கியது. கடலுக்கே போகாதவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதானே, எப்படி நினைவு வரும்?

"அடுத்த கிழமை பாப்பம்," என்றார் சுவாமியார். குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வீட்டில் கனிசியஸ் சோறு தின்னாமல் இருந்தான்.

"மூஞ்சையைத் தூக்காதை அண்ணை," என்றாள் இராசாத்தி. "ஞாயிறெண்டால் எங்கடை ஐயா என்ன செய்யிறவர்?"

"பூசை காணுவார். தின்னுவார். படுப்பார்."

"அப்ப இராயப்பரையும் படுக்கவிடன்."

படுத்த ஆளுக்கு அரை ரீவியே போதும். அந்தக் கிழமை முழுக்க அந்தக் கீழ்ப்பாதியில் கடற்கரை விளைந்தது.

அடுத்த ஞாயிறு, ரீவி முதலில் கிழமையைக் கேட்டது. ஞாயிறென்று கொடுத்தான். இராயப்பர் மர நிழலில் குறட்டை விட்டார். பக்கத்தில் கருவாடு காய்ந்தது. காகங்கள் இறங்கின. அவரை எழுப்பாமல் கலைக்கவேண்டும்.

"சூ! சூ!" என்று கத்தரீனா மாமி எழும்பி ஓடிவந்தாள். பிள்ளைகளைத் தள்ளிவிட்டு விசைக்கு முன்னால் குந்தியவள், சுவாமியார் மண்டபம் பூட்ட வரும்வரை எழும்பவில்லை. சுவாமியார் பக்கத்து அறைப் பூட்டின் திறப்பைக் கனிசியஸின் கையில் வைத்தார்.

தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் போனது, கொம்பனியும் போனது. கடலுக்கும் தடை வந்தது. கனிசியஸ் கொம்பியூட்டரைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினான். மாமி அவனைக் காணும்போதெல்லாம் கேட்பாள்:

"தம்பி, உங்கை காகம் வரேல்லையே?"

"இல்லை மாமி. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"பாரடா, பார். மனுசன் மர நிழலிலை நித்திரை."