மாமா ஜூரிக்குப் போன இரண்டு கிழமை

வேலை முடிந்து டிராமிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது முன்கதவடியில் ஒரு சூட்கேஸ் நின்றது. அதற்குப் பக்கத்தில் மாமா நின்றார். கலியாணவீடுகளுக்கு மட்டும் வெளியே எடுக்கிற சூட், நெற்றி நிறைய விபூதி, கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. ஆவணி மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது, மனிதர் வியர்வையில் தெப்பமாக நனைந்துபோய் நிற்கிறார். மாமி மாடிப்படியின் கடைசிப் படியில் குந்தியிருந்து மூக்கைச் சீறிக்கொண்டிருந்தார். "என்ன மாமா, எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டேன். மாமா ஒரு கடிதத்தை நீட்டினார். "கோர்ட்டால வந்திருக்குப் பிள்ளை. எல்லாம் முடிஞ்சுது. மறியற்சாலை குளிருமெண்டு மாமிதான் சால்வை எடுத்துத் தந்தவ."

அப்போது நான் ஊரிலிருந்து லண்டனுக்கு வந்து மூன்று வருடம். கோலியர்ஸ் வுட்டில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை. அம்மாவின் தம்பியான இந்த மாமாவின் வீட்டு மேலறையில் இருந்தேன். மாமா பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க்கடையில் மரக்கறிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். ஆனால் சனம் கடைக்கு வந்தது வெண்டிக்காய்க்காக மட்டுமல்ல. மாமாவிடம் சட்டம் கேட்கவும்தான். வீட்டுச் சொந்தக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளுக்கு வரலாமோ? இருபத்துநாலு மணித்தியாலம் முந்தி எழுத்தில தரவேணும், மாட்டனெண்டு சொல்லுங்கோ. வாங்கின சாமான் பழுதாப் போச்சுது, கடைக்காரன் மாத்தித்தாறன் எண்டுறான்? முப்பது நாளுக்குள்ளயெண்டால் காசைத்தான் கேளுங்கோ, அது உங்கட உரிமை. பக்கத்து வீட்டு மரத்தின்ர கொப்பு எங்கட பக்கம் வருகுது? வேலி மட்டும் வெட்டலாம், ஆனா வெட்டின கொப்பும் அதிலை இருக்கிற காயும் அவையின்ரதான். லைப்ரரியில் இலவசமாக வைத்திருக்கும் கைநூல்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, பேருந்தில் போகும்போது வரி விடாமல் வாசிப்பார். படிக்க வசதியில்லாமல் போன மனிதர். எனக்குத் தெரிந்தவரை அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி.

சரியில்லாதது வேறொன்று. மாமாவின் வாய் ஓட்டை வாய். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் உதாரணம் சொல்லாவிட்டால் அவருக்குச் செமிக்காது. அந்த உதாரணம் அதற்கு முதல் வந்த ஆளாகவே இருக்கும். "இப்ப பாருங்கோ, எங்கட டிராம் ஸ்டேசனடி ரீச்சர், அவவின்ர மனுசன் வீட்டைவிட்டுப் போன கேசிலயும் இதுதான்" என்று தொடங்கினால், கத்தரிக்காய் நிறுத்து முடிவதற்குள் ரீச்சரின் குடும்பம் சந்திக்கு வந்துவிடும். சனத்துக்கு இது தெரியும். தெரிந்துகொண்டும் வந்தார்கள். ஆலோசனை இலவசம், மற்ற வீட்டுப் புதினமும் இலவசம், ஆர் விடுவினம்? மாமியிடம் மாமா மறைத்தது முப்பது வருடத்தில் ஒன்றுமில்லை. மாமியின் பிறந்தநாளுக்கு வாங்கி ஒளித்துவைத்த சேலையைக்கூட, "ஒளிச்சு வைச்சிருக்கிறன், பாக்கக்கூடாது, பச்சை நிறம்" என்று தானே சொல்லிவிட்டவர் அவர்.

அப்படிப்பட்ட சட்டவல்லுனர் தனக்கு ஒரு கடிதம் வந்ததும் முதல் வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். நீதிமன்றத்தின் பெயர், தன்னுடைய முழுப்பெயர், 'நீர் வரவேண்டும்' என்ற கட்டளை. அதற்கு மேல் கண் போகவில்லையாம். நான் கடைசிவரை வாசித்தேன். வாசித்துவிட்டு எனக்கு வந்த சிரிப்பில் மாமிக்குப் பக்கத்தில் நானும் குந்திவிட்டேன். "மாமா, உங்களைப் பிடிக்கக் கூப்பிடேல்லை. ஜூரியிலை இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கு. நீங்கள் குற்றவாளியில்லை. வேறை ஆரோ குற்றவாளியோ இல்லையோ எண்டு நீங்கள்தான் சொல்லப்போறியள்."

மாமாவின் முகம் தெளிந்தது. "மெய்யாத்தானோ?" என்றார். பிறகு மெல்ல, "அப்ப அப்பிளை ஏன் திருப்பிக் குடுத்தனான்?" என்றார். அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. என்ன குற்றத்துக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று யோசித்து யோசித்து, பக்கத்து வீட்டு அப்பிள் மரத்தின் கொப்பை வெட்டிக் காய்களை மாமியிடம் கொடுத்து ஊறுகாய் போடுவித்ததுதான் காரணம் என்று தானே தீர்ப்பெழுதியிருக்கிறார். சட்டம் தெரிந்தே செய்த குற்றம் என்றபடியால் தண்டனை கூட என்றும் பயம். உடனே போய்ப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியின் கதவைத் தட்டி, மிச்சமிருந்த அப்பிள்களையும் இரண்டு போத்தல் ஊறுகாயையும் ஒப்படைத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கிழவி அதற்குப் பிறகு சாகும்வரை வருசா வருசம் அப்பிளைப் பறித்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, ஊறுகாய்க்குக் காத்திருந்தார்.

சிரித்துவிட்டேனே தவிர, பிறகு நினைக்கக் கவலையாகவும் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அரசாங்கம் கடிதம் போட்டால் ஆளைக் கொண்டுபோகத்தான் போடும். மாமா லண்டன் வந்து இருபது வருடத்துக்கு மேல். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, வோட்டுப் போட்டாயிற்று. ஆனாலும் கடித உறையைக் கண்டதும் கை சூட்கேசைத்தான் தேடியிருக்கிறது.

அடுத்த சிக்கல் கடை முதலாளி. ஜூரிக்குப் போக வேலை கொடுக்கிறவர் விடத்தான் வேண்டும், அதற்காக ஆளை வேலையிலிருந்து நிப்பாட்டவும் ஏலாது என்று மாமா எத்தனையோ பேருக்கு முழங்கியிருக்கிறார். தன்னுடைய முறை வந்தபோது மூன்று நாள் வெங்காய மூட்டையடியில் நின்று தொண்டையைச் செருமினாரே ஒழியச் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சனம் இருக்கிற லண்டனிலை அவங்களுக்கு என்ர மரக்கறிக்காரன்தான் கிடைச்சவனோ? அதுவும் வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் வாற நாள்!" என்றார். மாமா எனக்குப் பின்னால் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "அது என்ர உரிமை" என்றார்.

முதல் நாள் போய் வந்து ஒரு கதை மட்டும் சொன்னார். சத்தியம் செய்ய என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டார்களாம். இந்து என்றதும் சிவப்பு உறை போட்ட ஒன்றை நீட்டினார்களாம். மாமா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நாங்கள் சைவக்காரர். உது பெருமாள்காரரின்ர புத்தகம். அதைத் தொட்டுச் சொன்னால் எனக்குப் பொய் சொல்லவும் ஏலும்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தியிருக்கிறார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாராம். புத்தகமில்லாமல் உறுதிமொழி எடுக்கலாம் என்று வழி காட்டினார்களாம். மாமா மனதுக்குள் நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, "இனி ஒண்டும் கேக்காதேங்கோ. கதைக்கக்கூடாதாம். ஜூரி அறைக்குள்ள கதைக்கிறதை உயிர் உள்ளவரை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம். சொன்னால் மெய்யாவே மறியல்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இந்த மனிதரிடம் போய் ரகசியம் காக்கச் சொல்லியிருக்கிறார்களே, கடவுளே! சேலையின் நிறத்தை ஒரு மணித்தியாலம் மறைக்கத் தெரியாத ஆள். இரண்டு கிழமைக்குள் மாமா உள்ளே போய்விடுவார், அந்தச் சூட்கேசுக்கு வேலை வரத்தான் போகிறது என்று நிச்சயமாக நம்பினேன்.

சனமும் அப்படித்தான் நம்பியது. சனிக்கிழமை மாமா கடைக்கு வந்தபோது பாகற்காய் வாங்காத ஆட்கள்கூடப் பாகற்காய் வாங்க வந்தார்கள். "என்ன கேஸ் அண்ணை? களவோ, கொலையோ? எங்களுக்குச் சொன்னால் வெளியிலை போகாது." மாமா வாய்க்குள் ஒரு கராம்பைப் போட்டுக் கடித்துக்கொண்டு நின்றார். எவராவது கேட்டால் வாயைத் திறந்து கராம்பைக் காட்டுவார். அன்று பின்னேரத்துக்குள் கால்வாசிப் பைக்கற் கராம்பு முடிந்தது. அவர் பேசாததால் ஊர் பேசியது. கோலியர்ஸ் வுட்டில் அது வங்கிக் கொள்ளையாக இருந்தது. எங்கள் தெருவில் இரட்டைக் கொலை. லண்டனின் மறுகோடியிலிருக்கும் இல்ஃபோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குற்றவாளியே மாமாதான். அங்கேயிருந்து மாமியின் ஒன்றுவிட்ட அக்கா போன் எடுத்து, பார்க்க விடுகிற நேரம் எத்தனை மணி, சாப்பாடு கட்டிக்கொண்டு வரலாமோ என்று கேட்டு அழுதார்.

மாமிக்குத்தான் தாங்கமுடியவில்லை. பயமில்லை, அவமானம். "முப்பது வருசம் என்னட்டை ஒளிக்காத மனுசன். இப்ப ஆரோ பதினொரு தெரியாத சனத்தோட சேர்ந்து எனக்கு ஒளிக்கிறார்" என்று என்னிடம் பொருமினார். மாமாவோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். "இஞ்சாருங்கோ" என்று மாமாவைக் கூப்பிடுகிற சத்தமே வீட்டில் இல்லை. மேசையில் சோறு இருக்கும், மீன் இருக்காது. மாமா பருப்பையும் சோற்றையும் பிசைந்து, தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டாவது கிழமை நடுவில் ஒரு நாள் காலமை மாமி திடீரென்று மாறினார். "இஞ்சாருங்கோ, ஆறப்போகுது, குடியுங்கோ" என்று தேத்தண்ணீரைக் கையில் கொடுத்தார். பின்னேரம் நண்டுக்கறி. மனைவியின் கோபம் எவ்வளவு நாளைக்கு என்று நினைத்துக்கொண்டு நானும் இரண்டு கால் அதிகமாகப் போட்டுச் சாப்பிட்டேன்.

வழக்கு முடிந்த அன்று மாமா நேரே பின்வளவுக்குப் போய், போட்டிருந்த சூட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். அதைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, ஊரிலை என்னை ஒருக்காப் பிடிச்சுப் பதினொரு நாள் வைச்சிருந்தவங்கள். நான் செய்தனோ இல்லையோ எண்டு ஒருத்தன் ஒரு நிமிசம் யோசிக்கேல்லை. இஞ்சை ஒரு பொடியனுக்காகப் பன்னிரண்டு பேர் சோறு தண்ணியில்லாமல் இருந்து யோசிச்சனாங்கள்." சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு வாயைப் பொத்தினார். "இதைச் சொல்லலாமோ? அறைக்குள்ள நடந்ததோ இது?" என்று என்னைக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிறகு நான் ஜூரிச் சட்டத்தை வாசித்துப் பார்த்தேன். தீர்ப்பைச் சொல்லலாம், அது நீதிமன்றத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னது. அறைக்குள் கதைத்ததைத்தான் சொல்லக்கூடாது. ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "தீர்ப்பைச் சொல்லச் சட்டம் விடுகுது மாமா. அதையெண்டாலும் சொல்லுங்கோவன்." மாமா தலையாட்டினார். "சட்டம் விடும் பிள்ளை. நான் விடமாட்டன். என்ர வாயிலை ஒரு யன்னல் திறந்தால் வீடு முழுக்கத் திறந்திடும். நான் என்னை அறிவன்."

அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனை கலியாணவீடு, எத்தனை பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு! ஒவ்வொன்றிலும் யாராவது கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு வருவார்கள். ரீச்சரின் இரண்டாம் கலியாணத்தைப் பற்றிக் கேட்டால் முழுக்கச் சொல்லுவார், ஜூரியைப் பற்றிக் கேட்டால் எழும்பிக் கைகழுவப் போய்விடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது. "நான் ஒரு விசயத்தைப் பூட்டி வைச்சால் பூட்டினதுதான்" என்று, வேறு எதையோ போட்டு உடைத்துக்கொண்டே சொல்லுவார். மாமியும் பக்கத்தில் இருந்து, "ஓம், அந்த விசயத்திலை இவர் இரும்பு" என்பார்.

போன வருடம் மாமா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் கிரியையில் எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் நானும் மாமியும் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். முதலாளியிலிருந்து ரீச்சர்வரை வந்த எல்லோரும் மாமா கதைத்த கதைகளையே சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். "இவ்வளவு கதைச்ச மனுசன், அந்த ஒண்டை மட்டும் தன்னோடை கொண்டுபோட்டார் மாமி" என்றேன்.

மாமி கழுவுவதை நிறுத்தினார். "ஆர் சொன்னது கொண்டுபோனவரெண்டு? எனக்கு எல்லாம் தெரியும்."

நான் வாயைப் பிளந்தேன்.

"ரெண்டாம் கிழமை தொடங்கி வழக்கு முடிஞ்ச இரவு வரைக்கும் நித்திரையிலை முழுக்கச் சொல்லிப்போட்டார். ஆர் ஆர் என்ன சொன்னது, ஆர் மேசையிலை அடிச்சது, கடைசியா ஆர் மனம் மாறினது, எல்லாம். பகல் முழுக்க வாயை மூடினால் அது எங்கையாவது வெளியாலை வரத்தானே வேணும்? ஒளிக்கக்கூடாதெண்டுதான் கோவிச்சனான். அவர் ஒளிக்கேல்லை, பாவம். அவருக்கே தெரியாது. தான் காப்பாத்திப்போட்டன் எண்டு எவ்வளவு சந்தோசமா இருந்தவர்! நான் எப்பிடிச் சொல்லுறது?"

பன்னிரண்டு வருடம். மாமி எங்களோடு சேர்ந்து தானும் கேட்டார், கெஞ்சினார், 'இரும்பு' என்றார். ஒரு நாள்கூட முகத்தில் காட்டவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதைவிட ஆவலும் வந்தது, பொய் சொல்வானேன்.

"என்னதான் நடந்ததாம் மாமி? இப்ப மாமாவும் இல்லைத்தானே. இனிச் சொன்னால் என்ன?"

மாமி ஈரக்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் இல்லையெண்டால் சட்டமும் இல்லையெண்டோ?"