வலிக்கல, சிஸ்டர்

போன வாரம் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் திவ்யா, கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தாள். வந்ததும் குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்தாள். ஊசியில்லாத ஊசிக்குழாய் மாதிரி ஒன்றில் ரோஸ் நிற மருந்தை அளந்து, குழந்தையின் கன்னத்து ஓரமாக விட்டாள். இரண்டு சொட்டு என் புறங்கையில் விழுந்தது. ஸ்ட்ராபெரி வாசனை.

"காய்ச்சலே இல்லியேம்மா, அதுக்குள்ள எதுக்கு மருந்து?" என்று கேட்டேன்.

"கால் வலிக்கும்ல ஆன்ட்டி. நர்ஸம்மா குடுக்கச் சொன்னாங்க. இது வாயத் தொறந்து சொல்லவா போவுது?" என்றாள்.

குழந்தை கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போயிற்று. திவ்யா அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போன பிறகும் நான் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சுலபமான ஒரு காரியத்தை நான் எவ்வளவு பெரிய விஷயமாக்கி வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வலி மருந்துக்கு ஸ்ட்ராபெரி வாசனையெல்லாம் கிடையாது. காதுவலிக்குப் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாசனைதான். பல்வலிக்குக் கிராம்பு, வயிற்றுவலிக்கு வெந்தயமும் மோரும். இதற்கு மேல் போகிற வலிக்கு அம்மாவிடம் மருந்து இல்லை, தாங்கத்தான் வேண்டும். மாத்திரை என்பது மில்லுக்குப் போகிற அப்பாவுக்கு, அதுவும் ஷிப்டுக்குப் போக முடியாத அளவுக்குத் தலைவலி வந்தால். பெண்பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துப் பழக்கினால் நாளைக்குப் பிரசவ வலியை எப்படித் தாங்குவாள் என்பது அம்மாவின் கவலை. எனக்கு அப்போது வயது பத்து. காதுவலிக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இருந்ததில்லை.

அப்போது நாங்கள் ஒரு சொல்தா வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவருடைய மகள் லீவுக்குப் பிரான்சிலிருந்து வருவாள், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு. அந்தக் குழந்தை விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாலும் போதும், அதைக் குப்புறப் போட்டு, மெழுகில் செய்த தோட்டா மாதிரி ஒரு வெள்ளை மருந்தைப் பின்பக்கமாக வைத்துவிடுவாள். குழாயடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"சிராய்ப்புக்கெல்லாமா மருந்து வெப்பாங்க? அந்த ஊரு புள்ளைங்கள வெண்ணெயில செஞ்சிருப்பாங்க போல."

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் வெண்ணெயில் செய்த பிள்ளை இல்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அன்றிலிருந்து அடிபட்டால் அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொள்வேன். அது வளர்ந்து இப்போது எங்கேயோ பாரிசில் உத்தியோகம் பார்க்கிறதாம். உடம்பு ஒன்றும் உருகிப் போய்விடவில்லை.

அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். காதுவலி வந்த நாட்களில் அவள் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். சூடு பறக்கத் தேய்த்த உள்ளங்கையை என் காதின் மேல் வைத்தால், நான் தூங்குகிற வரைக்கும் எடுக்கமாட்டாள். அடுப்பில் பால் பொங்கினாலும் எடுக்கமாட்டாள். அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பாதிதான். மாத்திரை கூடாது என்பதை எடுத்துக்கொண்டேன். அந்தக் கையை விட்டுவிட்டேன்.

என் மகள் சுகன்யாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் தெருவிலேயே சைக்கிள் பழகப்போய் விழுந்து இடது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து, மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் சொன்னார். "வலி இருந்தா இந்த மாத்திரையக் குடுங்க. வலி ரொம்ப அதிகமானா, வெரல் வீங்கினா, ஒடனே எங்களக் கூப்புடணும்." சரி என்று தலையாட்டிவிட்டு மாத்திரைகளைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். சூடு, கிட்னிக்கு ஆகாது, மூளை மந்தமாகும், அடுத்த மாதம் அரைப்பரீட்சை. இத்தனை காரணங்கள் என்னிடம் இருந்தன. ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்கிற எண்ணம் வேறு.

குழந்தைகள் வார்டில் அம்மாக்கள் கூடுகிற இடம் தண்ணீர்க் குழாய். பிளாஸ்க்கோடும் பாட்டிலோடும் நின்றுகொண்டு, யார் பிள்ளை எவ்வளவு தாங்குகிறது என்று பேசிக்கொள்வோம். என் பையன் ஊசி போடும்போது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை என்பாள் ஒருத்தி. தையல் பிரிக்கும்போது என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பாள் இன்னொருத்தி. திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணை மட்டும் நாங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் பையன் முனகினால் போதும், செருப்பைக்கூட மாட்டாமல் நர்சிடம் ஓடுவாள். "இப்டி எடம் குடுத்தா புள்ள உருப்படுமா?" என்று அவள் காதில் விழுகிற மாதிரியே பேசினோம். பேசினோம் என்ன, நான்தான் பேசினேன்.

அந்தப் போட்டியில் ஜெயித்தவளும் நான்தான். "எங்க சுகு இதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே" என்று கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று.

மறுநாள் மத்தியானம் சிஸ்டர் வந்து, "வலிக்குதா பாப்பா?" என்று குனிந்து கேட்டார். சுகன்யா அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தனக்கு வலிக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்கிற மாதிரிப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அது என்ன சிரிப்பு என்று அவளுக்குப் புரிந்தது.

"வலிக்கல, சிஸ்டர்" என்றாள்.

"சமத்து" என்று சிஸ்டர் கன்னத்தைத் தட்டிவிட்டு, கட்டைச் சரிபார்க்கப் போர்வையை விலக்கப்போனார். "நான் இப்பத்தான் பாத்தேன், நல்லா இருக்குது சிஸ்டர்" என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

சாயங்காலம் அதே சிஸ்டர் படுக்கை விரிப்பு மாற்ற வந்தார். தலையணையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். உறையின் ஒரு மூலை முழுக்க ஈரமாக, பல் பதிந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. என்னிடம் எதுவும் கேட்காமல் போர்வையை விலக்கி விரல்களைப் பார்த்தார். ஐந்தும் உப்பி, நகம் நீலம் பாரித்துப்போயிருந்தது. அதற்கப்புறம் எல்லாரும் ஓடினார்கள். உள்ளே வீக்கம் ஏறி, கட்டு கையை நெரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அங்கேயே கட்டை நீளமாக வெட்டிப் பிளந்தார். அப்போதும் அவள் அழவில்லை.

"இவ்ளோ வலிச்சிருக்குமே, ஏன் பாப்பா சொல்லல?" என்றார் டாக்டர்.

"நான் அழவே மாட்டேன்னு எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க" என்றாள்.

வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. திருக்கனூர்ப் பெண் என்னைப் பார்க்காமல் தன் பையனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையே விளங்காமல் போயிருக்கும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். முந்தின நாளிலிருந்து நான் தூக்கம் என்று நினைத்தது தூக்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கை குணமாகிவிட்டது. குளிர் காலத்தில் சுண்டுவிரல் கொஞ்சம் மரத்துப்போகும் என்பாள், அதுவும் நான் துருவிக் கேட்டால். அதற்குப் பிறகு நான் திருந்தித்தான் போனேன். வீட்டில் ஒரு மருந்துக்கடையே வைத்தேன். அவள் லேசாக முகம் சுளித்தால் "வலிக்குதாடி?" என்று பின்னாலேயே ஓடினேன். "இல்லமா" என்பாள். நான் எத்தனை விதமாகக் கேட்டாலும் பதில் அதுதான். பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை ஒருமுறை நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிறகு அதை அழிக்க நம்மால் ஆவதில்லை.

இப்போது சுகன்யா சென்னையில் வேலையில் இருக்கிறாள். சிறுநீரகக் கல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை, அவளோடு அறையில் இருக்கும் பெண் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போனில் அழுதேன். "அதான் சரியாப் போச்சுல்லமா, நீ எதுக்கு அழுவுற?" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். என் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. கோபம் இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். பீரோவைச் சாத்தும்போது கட்டைவிரல் கதவில் நசுங்கியது. அடுப்படியிலிருந்து எனக்குச் சத்தம் கேட்டது, சரியான அடி. நம் ஊரில் யாருக்கு அடிபட்டாலும் முதலில் வாயில் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. தெருவில் கல் தடுக்கிய தாத்தாவுக்கும் அதுதான், குடித்துவிட்டு விழுகிறவனுக்கும் அதுதான். மூட்டு பிடித்துக்கொள்ளும்போது எனக்கும் அதுதான் வருகிறது, என் அம்மா போய் இத்தனை வருஷம் ஆன பிறகும். கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, மெதுவாக விடுவது கேட்டது. பிறகு பீரோவைச் சாத்துகிற சத்தம். "அம்மா" என்று வரவில்லை.