கஸ்தூரி மேடம் கொடுத்துவிட்ட படிகம்

செம்பு அணைவுச் சேர்மம் செய்வது அரை நாள் வேலை. அதிலிருந்து ஒரு நல்ல படிகம் விளையக் காத்திருப்பதுதான் மற்ற வேலையெல்லாம். செம்பு உப்பைக் கரைத்து, நைட்ரஜன் உள்ள ஒரு கரிமப் பொருளைச் சேர்த்து, வடிகட்டி, சும்மா வைத்துவிட வேண்டும். கடுகில் பாதியளவில், கீறல் இல்லாத படிகம் ஒன்று வந்தால் போதும். அதை எக்ஸ்ரே கதிரில் வைத்துச் சுழற்றினால், செம்பைச் சுற்றி எந்த அணு எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். மாதக்கணக்கில் காத்திருந்து குப்பியின் அடியில் வெறும் தூளைக் கண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

துத்தம் வாங்கப் போனது

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்துகொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். மதுரையிலிருந்து வர வேண்டிய செம்பு சல்பேட் வரவில்லை. பொறுமையில்லாமல் நாட்டு மருந்துக் கடையில் போய் அரைக் கிலோ மயில்துத்தம் கேட்டேன். அதுவும் அதே பொருள்தான்.

எத்தனை ஆடு நிற்கிறது என்று கேட்டார் கடைக்காரர். ஆட்டுக் குளம்பில் புண் வந்தால் துத்தத் தண்ணீரில் நிறுத்துவார்கள். புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் அவருக்கு வாடிக்கை. எனக்கு ஆடு இல்லை, இதைக் கரைத்து வேறு படிகம் செய்யப்போகிறேன் என்றேன். பொட்டலத்தை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "கல்லை வாங்கிக் கரைச்சு மறுபடியும் கல்லாக்குததுக்கா அண்ணாச்சி காலேஜில சம்பளம் குடுக்காவ?"

முதல் விளைச்சல்

முதலில் விளைந்த படிகங்கள் கருநீலமாக, கண்ணாடி போல இருந்தன. முதல்வரிடம் காட்டும் ஆசையில் கரைசலிலிருந்து எடுத்து, வடிதாளில் உலர்த்தி, ஜன்னலோரம் வைத்தேன். சித்திரை மாதம். வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் வெளிறிப்போய், தொட்டால் மாவாக உதிர்ந்தன. படிகத்துக்குள் கட்டியிருந்த நீர் எங்கள் ஊர்க் காற்றில் போய்விட்டது. அது விளைந்த கரைசலிலேயே மூடி, மெழுகு வைத்து அடைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆய்வகப் பணியாளர் செல்லையா விளாத்திகுளத்துக்காரர். வீட்டில் மிளகாய் விவசாயம். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயிலில காயப் போட்டா வத்தல்தான் சார் வரும், பழமா வரும்?"

ஒரு மேஜை தள்ளி

அடுத்த மேஜையில், என்னைப் போலவே அங்கே ஆசிரியராக இருந்த கஸ்தூரி மேடம் இதே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் நாளுக்கு நான்கு தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். அவர் குப்பியை அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகமாட்டார். அவர் படிகங்கள் என்னுடையவற்றைவிட அழகாக வந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சிப் பதிவு அந்த வருஷத்தோடு முடிகிறது; அதற்குள் படிகத்தின் விவரம் கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சென்னையில் ஒரு நிறுவனத்தில் எக்ஸ்ரே கருவிக்கு எங்கள் முறை வந்தபோது, அவருக்குக் கைக்குழந்தை. இடைசெவலில் மாமியார் வீட்டிலிருந்து வெளியூர் அனுப்பமாட்டார்கள். மெழுகு வைத்த குப்பியை என்னிடம் நீட்டினார். "பிள்ளையைத் தூக்கிக் குடுக்குத மாதிரி குடுக்கேன் சார். சாய்க்காம கொண்டு போங்க."

நுண்ணோக்கியில்

சென்னையில் கருவியைப் பார்த்துக்கொண்டவர் இரண்டு குப்பிகளையும் திறந்து, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். என்னுடையதன் ஓரத்தில் ஒரு கீறல். கஸ்தூரி மேடத்தினுடையது விளிம்பெல்லாம் வெட்டி வைத்தது போல இருந்தது. கருவிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு வைக்கத்தான் சார் டைம் இருக்கு. எதை வைக்கட்டும், நீங்களே சொல்லிடுங்க."

ஊர் திரும்பி

என்னுடையதைச் சொன்னேன். கீறல் இருந்தும் தேவையான அளவுக்கு விவரம் கிடைத்தது: செம்பைச் சுற்றிச் சதுரமாக நான்கு நைட்ரஜன், மேலே சற்று விலகி ஒரு நீர். அதில்தான் நான் டாக்டர் ஆனேன். அவருடைய படிகத்தைக் குப்பியில் திரும்பப் போட்டுப் பையில் வைத்தேன். மெழுகு வைக்கவில்லை. மறந்தேனா, மறக்க விரும்பினேனா என்று இத்தனை வருஷம் கேட்டும் என்னிடமிருந்து நேரான பதில் வரவில்லை. கோவில்பட்டியில் இறங்கும்போது பை நனைந்திருந்தது. குப்பிக்குள் வெளிர்நீல மாவு.

போகும் வழியிலேயே வெயிலில் கெட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துச் சிறிது நேரம் பார்த்தார். அடுத்த முறை வருவதற்குள் அவருடைய பதிவு முடிந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். "இந்த வெயிலுக்கு நீங்க என்ன சார் செய்வீய? என்னால உங்களுக்குத்தான் வீண் சுமை."

மாணவியின் குப்பி

அவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டார். வகுப்புகளை விடவில்லை. என் பெயர்ப்பலகையில் 'டாக்டர்' என்று எழுதியபோது, எழுத்து கோணலாக இருக்கிறது என்று பெயிண்டரைத் திருப்பி அழைத்துத் திருத்தச் சொன்னவர் அவர்தான்.

சில வருஷம் கழித்து ஒரு மாணவியை என் அறைக்குக் கூட்டி வந்தார். அந்தப் பெண்ணின் கையில் மெழுகு வைத்த குப்பி. நான் மறுநாள் சென்னை போவதாக இருந்தேன். கொடுக்கத் தயங்கி அவள் குப்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை. பேச வாயெடுத்தேன். அதற்குள் கஸ்தூரி மேடம் அவள் தோளைத் தொட்டார். "குடுட்டி, பயப்படாத. கெட்டுப்போனாலும் சார் மறைக்காம வந்து சொல்லிருவாவ."

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் நான் ஐயமறக் கண்டறிந்தது ஒன்றுதான்: எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் வெயில் என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.