சீல் வைத்த லெட்டூஸ்

முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைச் சோதித்து சீல் வைத்தவர் என்பதால், தெருவில் அவருக்குப் பெயர் சீல்காரர். நாலு பேர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நின்று விசாரிப்பார். இளித்தால் பல்லையும் எண்ணிவிடுவார் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சொல்வதுண்டு. ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் தவித்துப் போய், கொல்லையில் லெட்டூஸ் என்ற சாலட் கீரை போட்டார்.

அது லேசுப்பட்ட பயிர் இல்லை. குளிர்மாதங்களில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். மழைக்காலத்தில் ஓடில்லாத நத்தைகள் மொய்க்கும். விடிந்ததும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய வேண்டும். வெயில் ஏறினால் நடுவில் தண்டு கிளம்பி இலை கசந்துவிடும். கோடையில் விதை முளைக்க அடம்பிடிக்கும் என்று ஈரத்துணியில் முடிந்து ஃப்ரிட்ஜில் வைப்பார். பாத்திக்கு மேல் நிழலுக்குக் கட்டியிருந்தது தங்கை கொடுத்த பழைய ஜன்னல் திரை.

தங்கைக்கு அடுத்த வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னக் கதவு. கணவரை இழந்து தனியாக இருந்தவள், தினமும் நாலு மணிக்கு இரண்டு டம்ளர் டீயோடு அதைத் தள்ளிக்கொண்டு வருவாள். உலகத்தில் அவர் சந்தேகப்படாமல் வாங்கிக் குடித்தது அந்த டீ ஒன்றைத்தான்.

அந்தக் கோடையில் வெளி இலைகள் காணாமல் போக ஆரம்பித்தன. நத்தை என்றால் ஓட்டை போடும். இது நகத்தால் கிள்ளிய வேலை, அதுவும் அவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில். சும்மா விடுவாரா? ஒவ்வொரு செடியின் இலைகளையும் எண்ணிச் சேர்த்து நூலால் சுற்றி, மீட்டர் சீலுக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டார். மறுநாள் முடிச்சு அப்படியே இருந்தது. இலை மட்டும் குறைந்திருந்தது.

டீயோடு வந்தவளிடம் நேராகவே கேட்டார். "இந்தக் கதவு வழியா வேற யாரு வர முடியும்?"

"நான் உன் இலையைத் திருடினேன்னு சொல்றியாண்ணா?" டம்ளரைக் கீழே வைக்காமலே திரும்பிப் போனாள்.

அவர் பூட்டு வாங்கி வந்தார். "நான்தாங்க பறிச்சேன், பாவம் அவளை ஏன்..." என்று மனைவி குறுக்கே வந்தாள். "நாத்தனாரைக் காப்பாத்தப் பாக்கறே" என்று அவளை ஒதுக்கிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

மூன்றாம் நாள் மறுபடியும் இலை குறைந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிச்சைப் பார்த்தார். சுருக்கு இடப்பக்கம் விழுந்திருந்தது. வீட்டில் இடக்கைக்காரி ஒருத்திதான். கல்யாணமான புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து நூறு நூறாகச் சீல்கம்பி முடிந்து கொடுத்தவள்.

"கேட்டுட்டுப் பறிச்சா என்ன?" என்றார் மனைவியிடம்.

"கேட்டா எத்தனைன்னு கேப்பீங்க. எண்ணாத இலை நாலு சாப்பிடணும்னு ஆசை" என்றாள். "நான் வாயால சொன்னப்போ நம்பல. நூல் சொன்னா நம்புறீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்ததிலேயே நல்ல செடியாகப் பார்த்து அடியோடு அறுத்து, தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டார். நாலு மணிக்குப் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். அசையவில்லை. அந்தப் பக்கம் புதிதாகத் தாழ் போட்டிருந்தது.

"யாரு?"

"நான்தாம்மா. தப்புப் பண்ணிட்டேன். உனக்கு ஒரு லெட்டூஸ் கொண்டாந்திருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்றுதான்.

"அங்கேயே வச்சுட்டுப் போண்ணா" என்றாள் தங்கை. "இலையை எண்ணிட்டு வை. நாளைக்கு ஒண்ணு குறைஞ்சுதுன்னா, நான் இந்தப் பக்கந்தான் இருந்தேன்."