88-ஆம் பெட்டி

போலீஸிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. அவர்கள் நம்பவில்லை, நீங்களாவது முழுதாகக் கேளுங்கள். பேய் இருட்டில்தான் வரும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அன்று பளீரென்ற வெயில். மார்ச் 11, பிற்பகல்.

என் பெயர் லியோனா. அயோவாவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் கிடங்கில் ஒரு பழைய வழக்கின் 140 பெட்டிகள் கிடந்தன. நாலு கான்கிரீட் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றி, சேர மறுத்த ஆர்வல் ஹூக்ஸ்ட்ராவின் சின்னக் கம்பெனியை ஒழிக்கப் பார்த்த வழக்கு. பாதியிலேயே ஹூக்ஸ்ட்ரா செத்துப்போனார். கான்கிரீட் லாரியின் உருளைக்குள் இறங்கி, இறுகிய கான்கிரீட்டைச் சுத்தியலால் கொத்திக்கொண்டிருந்தாராம். உருளை சுழன்றுவிட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் கழித்து, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

காகிதம் அரைக்கும் லாரி பின்வாசலுக்கே வந்தது. ஓட்டுநர் டுவெய்ன் கிராஃப், நாற்பது வயது, வாய் ஓயாதவன். ஒவ்வொரு பெட்டியும் அரைபடுவதை, உள்ளே உள்ள கேமரா காட்டும் பக்கவாட்டுத் திரையில் பார்த்து, நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"டிவி நல்லா தெரியுதா மேடம்? விளம்பரமே கிடையாது, பாத்துக்குங்க!"

2:10. 88-ஆம் பெட்டி. மற்றப் பெட்டிகளில் வெறும் எண்தான்; இதன் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தான். சிரிப்பு நின்றது.

"ஹூக்ஸ்ட்ராவா... இது அந்தக் கேஸா?"

"ஆமா. உனக்குத் தெரியுமா?"

பெட்டியைக் கவிழ்த்தான். இரும்புப் பற்கள் தாள்களை இழுத்துக்கொண்டன. நான் கையெழுத்துப் போட்டேன்.

2:14. டக்... டக்... டக்...

லாரிக்குள்ளிருந்து. காகிதம் கிழியும் சத்தம் இல்லை. சுத்தியல்.

டுவெய்ன் என்ஜினை அணைத்தான். சத்தம் அணையவில்லை.

"ஏதாவது சிக்கியிருக்கும்" என்றேன்.

"இது சிக்குற சத்தம் இல்ல மேடம். எனக்குத் தெரியும்." முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சாவியை உருவி என் கையில் வைத்தான். "நான் வெளிய வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க. இந்த வாட்டி பாக்காம விட மாட்டேன்."

2:17. பக்கக் கதவைத் திறந்து, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தான்.

டக்... டக்...

நின்றது.

திரையைப் பார்த்தேன். பற்களுக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு. சிமெண்ட் அப்பிய சட்டை. மெதுவாகத் திரும்பியது...

"டுவெய்ன், வெளிய வா!"

மெஷின் ஓடியது.

சாவி என் கையில்.

முதலில் கை. பிறகு தோள். எலும்பு நொறுங்குவதைக் கேட்டேன். அவன் அலறல் பாதியில் அறுந்தது. காலைப் பிடித்து இழுத்தேன்... பூட்ஸ் மட்டும் என்னோடு வந்தது.

திரை முழுக்கச் சிவப்பு.

2:18. தானாக நின்றது.

சாவி யாரிடம் இருந்தது? போலீஸின் முதல் கேள்வி அதுதான். என்னிடம். வேறு சாவி உண்டா? இல்லை. அப்படியானால் மெஷினை ஓட்டியது யார்? மூன்று வாரமாக அதையே கேட்கிறார்கள். என்மேல் கொலைக் குற்றம் வரப்போகிறது.

நேற்று, அந்தப் பழைய வழக்கை நடத்திய எங்கள் வக்கீல் ஹால்வர்சனிடம் போனேன்.

"88-ல என்ன சார் இருந்துச்சு?"

"டுவெய்னோட வாக்குமூலம். அப்போ அவன் ஹூக்ஸ்ட்ராகிட்ட டிரைவர். அவர் உருளைக்குள்ள எறங்குறப்போ சாவிய இவன்கிட்டதான் குடுத்திருக்காரு. 'சாவி என் கையிலதான் இருந்துச்சு, உருளை தானா சுத்திச்சு'ன்னு சத்தியம் பண்ணான். ஒருத்தரும் நம்பல."

"அதேதான் சார் எனக்கும்! அந்த வாக்குமூலத்தோட நகல போலீஸ்கிட்ட காட்டுங்க சார்!"

ஹால்வர்சன் நான் கையெழுத்துப் போட்ட பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வேற நகல் இல்ல லியோனா. அழிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டதே நீதானே."