திங்கட்கிழமைக் குளிர்

பிள்ளைகளே, நான் வெல்டிங் வேலை பார்த்த பட்டறை உப்பளத்தை ஒட்டி இருந்தது. உப்புக் காற்றுக்குச் சாதா இரும்பு தாங்காது. சுனாமிக்குப் பிறகு கொட்டகை போட்டவர்கள் எல்லாரும் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்தான் கேட்டார்கள். அதில் நெருப்பு வைத்தால் வெள்ளையாகப் புகை கிளம்பும், நாக்கில் இனிப்பாக ஒட்டும். கடல் காற்று அடித்தால் பற்றவைப்பில் ஓட்டை விழும் என்று முதலாளி ஷட்டரை இறக்கிவிடுவார். புகை எங்கே போகும்? எங்கள் நெஞ்சுக்குள்தான். அதற்கு அவர் தந்த மருந்து ஆளுக்கு ஒரு வெல்லக் கட்டி. நாங்களும் நம்பி வாயில் அடக்கிக்கொண்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலமானால் எனக்குக் குளிர் எடுக்கும். பல் கிட்டும், நெஞ்சு இறுகும், இருமல் நிற்காது. மறுநாள் சரியாகிவிடும். புதன், வியாழன் அதே புகையில் நின்றாலும் வராது. ஞாயிறு லீவு முடிந்தால் மறுபடியும் வரும்.

முதலாளி கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்பா, நேத்து எவ்ளோ ஊத்துன? கை தந்தி அடிக்குது?"

"நான் குடிக்கிறதே இல்லைங்க."

"ஆமா, நீ கோயில் தீர்த்தம்தான் குடிப்ப!"

பட்டறையே சிரித்தது. பேச்சு வீடு வரை வந்தது. உங்கள் அம்மா என் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"வெல்ல வாடை அடிக்குது. வெல்லம் போட்டுக் காய்ச்சுன சாராயந்தான?"

மருந்தே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. குடித்துக் குடித்து உடம்பு கெட்டுவிட்டது என்று அவளே என்னைப் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். எந்தக் கிழமை வருகிறது, என்ன பைப் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"இது குடி இல்லம்மா. அந்தப் பூச்சு எரியற புகை. தெனம் பட்டா ஒடம்பு பழகிக்கும், ஒரு நாள் விட்டுட்டுத் திரும்பப் பட்டா ஜுரம் வரும். வெல்லம் வயித்துக்குப் போவும், புகை நுரையீரலுக்கில்ல போவுது? பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு, வெளிக்காத்துல நின்னு செய்யச் சொல்லுங்க. ஜுரம்தான் போயிடுதேன்னு விட்டா நுரையீரல் கெட்டுடும்."

பஸ் ஏறியதும் உங்கள் அம்மா என் சட்டைப் பையில் இருந்த வெல்லக் கட்டியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினாள்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளியிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு நான் ஷட்டரை ஏற்றினேன்.

"டேய், எறக்குடா. டாக்டரா வந்து வெல்டிங் அடிக்கப் போறான்?"

"நீங்க உள்ள வந்து ஒரு மணி நேரம் நில்லுங்க, எறக்கறேன்."

அவர் வரவில்லை. நான் கையில் இருந்த வெல்டிங் ஹோல்டரைக் கீழே போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு முதலாளி கூனிமேடு வரைக்கும் இருந்த பட்டறைகளில் எல்லாம், "குடிச்சிட்டு வந்தான், தொரத்திட்டேன்" என்று சொல்லி வைத்தார். யாரும் என்னை வேலைக்குச் சேர்க்கவில்லை. இப்போது சொந்தமாக, திறந்த வெளியில் செய்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தப் பொய்யைப் பொறுக்க மாட்டேன். போன மாதம் அந்த ஆள் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். நான் கை நீட்டவில்லை. நீங்களும் அந்த வீட்டுப் பந்தியில் உட்காரக் கூடாது.